பேக்-மேன் ஜெயித்தது, ஆஸ்டிராய்ட்ஸ் தோற்றது: பழைய வீடியோ கேம் வழக்குகளைப் படித்து ஒப்பிடும் முறை

அடாரி கம்பெனிக்குச் சில மாத இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள் கிடைத்தன. 1981 நவம்பரில் அமெரிக்காவின் மேரிலாந்து மாவட்ட நீதிமன்றம், 'மீட்டியர்ஸ்' என்ற கேம் 'ஆஸ்டிராய்ட்ஸ்' கேமின் பதிப்புரிமையை மீறவில்லை என்றது. 1982 மார்ச்சில் சிகாகோவில் உள்ள 7-ஆவது சர்க்யூட் (சில மாநிலங்கள் சேர்ந்த நீதிமன்ற வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றம், வீட்டு கேமான 'கே.சி. மஞ்ச்கின்' விற்பனைக்குத் தடை போடச் சொன்னது. அது 'பேக்-மேன்' கேமைக் காப்பியடித்தது என்பதே காரணம். இரண்டு வழக்கிலும் பின்னால் வந்தவர்கள் முன்னால் இருந்த கேமைப் பார்த்துத்தான் செய்தார்கள். அப்படியும் முடிவு நேர் எதிராக வந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால், அந்தக் காலத்து மற்ற வழக்குகள் எல்லாம் வசப்பட்டுவிடும். கேம் வரலாறு எழுதுபவர்களுக்கும், சட்டம் படிக்கும் மாணவர்களுக்கும், பழைய கேம்களின் சாயலில் சொந்தமாகச் செய்ய நினைப்பவர்களுக்கும் பயன்படும் வேலை முறை இது. ஒரு நோட்டும் மூன்று நிறப் பேனாவும் போதும்.

எந்த உரிமை என்று முதலில் பிரியுங்கள்

தமிழில் இதைப் பேசும்போது முதல் குழப்பமே சொல்லில் வருகிறது. பேட்டன்டையும் 'காப்புரிமை' என்கிறோம், காப்பிரைட்டையும் 'காப்புரிமை' என்றே எழுதுகிறோம். நோட்டில் காப்பிரைட்டுக்குப் 'பதிப்புரிமை' என்று மட்டும் எழுதுங்கள். பேட்டன்டைப் பேட்டன்ட் என்றே விட்டுவிடுங்கள். இந்த ஒரு ஒழுங்கு இல்லாததால்தான் பல கட்டுரைகள் ஒரே பட்டியலில் நான்கு விதமான வழக்குகளைக் கொட்டிவிடுகின்றன.

மேக்னவாக்ஸ் கம்பெனி 1970-களில் தொடங்கி வரிசையாகப் போட்ட வழக்குகள், முதல் வீட்டு வீடியோ கேம் கன்சோலை உருவாக்கிய ரால்ஃப் பேயரும் அவரோடு வேலை செய்தவர்களும் வாங்கிய பேட்டன்டுகளைப் பற்றியவை. அடாரி அதில் 1976-லேயே சமரசம் செய்துகொண்டு உரிமம் வாங்கியது. யுனிவர்சல் ஸ்டூடியோ 1982-இல் நின்டென்டோ மேல் போட்ட 'டாங்கி காங்' வழக்கு, 'கிங் காங்' என்ற பெயர் யாருடைய வணிகக்குறி என்பதைப் பற்றியது. 1983-இல் நின்டென்டோ ஜெயித்தது, 1984-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அடாரியிலிருந்து வெளியேறியவர்கள் 1979-இல் ஆரம்பித்த ஆக்டிவிஷன் மேல் அடாரி போட்ட வழக்கில் வணிக ரகசியம்தான் பேச்சு. அதுவும் தீர்ப்பு வராமல் சமரசத்தில் முடிந்தது. சமரசத்தில் முடிந்த வழக்கு யாருக்கும் முன்னுதாரணம் ஆகாது. அதை மேற்கோள் காட்டி 'நீதிமன்றம் இப்படிச் சொன்னது' என்று எழுதினால் அது பிழை.

இவற்றைத் தனிப் பக்கத்தில் ஒதுக்கி வையுங்கள். மிச்சமிருக்கும் பதிப்புரிமை வழக்குகளையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும்: திரையில் தெரியும் காட்சியையும் கேட்கும் ஒலியையும் பற்றியவை ஒரு குவியல், சிப்புக்குள் இருக்கும் நிரலைப் பற்றியவை இன்னொரு குவியல். ஒரே கேமுக்கு இந்த இரண்டு உரிமையும் தனித்தனியாக உண்டு, சோதிக்கும் முறையும் தனித்தனி.

தீர்ப்பை எடுப்பதும் அதன் எடையைப் பார்ப்பதும்

பேக்-மேன் தீர்ப்பின் அடையாளம் 672 எஃப்.2டி 607. முதல் எண் தொகுதி, நடுவில் இருப்பது 'ஃபெடரல் ரிப்போர்ட்டர், இரண்டாம் வரிசை' என்ற தொகுப்பின் சுருக்கம், கடைசி எண் பக்கம். ஆஸ்டிராய்ட்ஸ் தீர்ப்பு 547 எஃப்.சப். 222. 'எஃப்.சப்.' என்று இருந்தால் அது மாவட்ட நீதிமன்றம், அதாவது கீழ்நிலை. இந்த எண்களை ஆங்கில எழுத்தில் கூகுள் ஸ்காலரிலோ கோர்ட்லிசனரிலோ ஜஸ்டியாவிலோ தட்டினால் முழுத் தீர்ப்பும் இலவசமாக வரும். கட்சிக்காரர் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். 'அடாரி எதிர்' என்று அடித்தால் டஜன் கணக்கில் வந்து விழும். அதிலும் 1984-க்குப் பிறகு அடாரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. பின்னாளில் நின்டென்டோவோடு மோதிய 'அடாரி கேம்ஸ்' வேறு கம்பெனி.

தீர்ப்பு கைக்கு வந்ததும், கதைக்குள் போவதற்கு முன் அது எந்தக் கட்டத்தில் வந்தது என்று பாருங்கள். மஞ்ச்கின் தீர்ப்பு இடைக்காலத் தடை பற்றியது. வாதி முழு விசாரணையில் ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா என்பதைத்தான் நீதிபதிகள் பார்த்தார்கள். 'டிஃபெண்டர்' கேம் பற்றிய 1982 தீர்ப்பு நிரந்தரத் தடை. 1988-இன் கராத்தே வழக்கு முழு விசாரணை முடிந்து மேல்முறையீட்டுக்கு வந்தது. மூன்றையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வழக்குக்கும் நோட்டில் மேல் வரியிலேயே நீதிமன்றம், ஆண்டு, கட்டம் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

ஐடியாவை ஒரு வாக்கியத்தில் எழுதுவது

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102(பி) பிரிவு ஐடியாவுக்கும் முறைக்கும் இயக்கத்துக்கும் பாதுகாப்பு தராது. அதை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் தரும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் கேமின் ஐடியாவை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

'மஞ்சள் வாய் ஒன்று புள்ளிகளைத் தின்ன, நாலு பேய்கள் துரத்தும்' என்று எழுதினால் பேக்-மேனின் எல்லா அம்சமும் ஐடியாவுக்குள் போய்விடும். அப்போது எதைக் காப்பியடித்தாலும் தப்பில்லை என்றாகும். 'எதையோ துரத்துவது' என்று எழுதினால் ஐடியா காற்றாகிவிடும், எல்லாமே பாதுகாப்புக்குள் வந்துவிடும். 7-ஆவது சர்க்யூட் பிடித்த அளவு நடுவில் இருக்கிறது: ஒரு மைய உருவத்தைப் புதிர்ப்பாதை வழியே நடத்தி, தாமாக நகரும் எதிரி உருவங்கள் மேல் மோதாமல் புள்ளி சேர்க்கும் துரத்தல் விளையாட்டு. இதில் வாயும் இல்லை, பேயும் இல்லை, நிறமும் இல்லை. உங்கள் வாக்கியத்திலும் கதாபாத்திரத்தின் பெயர், வடிவம், நிறம் எதுவும் இருக்கக் கூடாது.

நாலு பத்தி அட்டவணை

இப்போது நோட்டில் நாலு பத்தி போடுங்கள்: அம்சம், முதல் கேமில் எப்படி, இரண்டாம் கேமில் எப்படி, இதை வேறு விதமாகச் செய்ய முடியுமா. முதல் மூன்று பத்தியை நிரப்ப இரண்டு கேமும் ஓடும் வீடியோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீர்ப்பில் உள்ள வர்ணனையை மட்டும் நம்பினால் நீதிபதி கவனித்ததுதான் உங்களுக்கும் தெரியும்.

ஆஸ்டிராய்ட்ஸில் தொடங்குங்கள். அங்கே நீதிபதி 22 ஒற்றுமைகளையும் 9 வேற்றுமைகளையும் வரிசையாக எழுதியிருக்கிறார். பாறைகள் மூன்று அளவு, பெரிய பாறையைச் சுட்டால் உடைந்து சிறியதாவது, கப்பல் இரு பக்கமும் திரும்புவது, 10,000 புள்ளிக்கு ஒரு கப்பல் கூடுதல் என்று பட்டியல் நீள்கிறது. வேற்றுமைப் பக்கத்தில், ஆஸ்டிராய்ட்ஸ் கறுப்பு வெள்ளை, மீட்டியர்ஸ் கலர். அங்கே பாறை தட்டையான கோட்டுருவம், இங்கே நிழல் கொடுத்து உருண்டு வரும் பாறை. மீட்டியர்ஸில் கப்பல் முதலில் பூமியிலிருந்து கிளம்புகிறது, வேகமும் அதிகம்.

22-க்கு 9 என்று எண்ணிப் பார்த்தால் அடாரி ஜெயித்திருக்க வேண்டும். நாலாவது பத்திக்கு வந்தால்தான் விஷயம் புரியும். விண்வெளிப் பாறைகளுக்கு நடுவே சுட்டுத் தப்பிக்கும் கேம் என்றால் கப்பல் திரும்பத்தான் வேண்டும், சுடத்தான் வேண்டும், பாறை நகரத்தான் வேண்டும். ஆட ஆட கஷ்டம் கூடாவிட்டால் யாரும் இரண்டாவது காசு போட மாட்டார்கள். இந்த ஒற்றுமைகள் அந்த ஐடியாவும் அந்தக் கால ஹார்டுவேரும் கட்டாயப்படுத்தியவை என்று நீதிபதி முடிவு செய்தார். ஐடியாவை எடுத்ததை அவர் மறைக்காமல் சொல்கிறார். அதைச் சட்டம் தடுக்கவில்லை என்றும் சொல்கிறார்.

நாலாவது பத்தியை நிரப்ப நாங்கள் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. இது நீதிமன்ற விதி இல்லை, பழக்கத்தில் உதவும் அளவு. அதே ஐடியாவுக்குள் அந்த அம்சத்தை வேறு மூன்று விதமாகச் செய்யலாம் என்று உங்களால் எழுத முடிந்தால் பச்சை, ஒன்றுகூட எழுத முடியாவிட்டால் சிவப்பு, நடுவில் என்றால் நீலம். பாறை உடைவதற்கு மாற்று யோசித்துப் பாருங்கள், நீலத்திலேயே நிற்கும். பேக்-மேனின் பேய்க்கு யோசியுங்கள், ஐந்து நிமிடத்தில் பத்து மாற்று வரும். அதே புதிர்ப்பாதைத் துரத்தலைக் கார்களை வைத்துச் செய்த 'ராலி-எக்ஸ்' 1980-லேயே ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடும் கேம் கூடத்தில், இருந்தது.

இதே அட்டவணையை மஞ்ச்கினுக்குப் போடுங்கள். 'ஒடிசி 2' என்ற வீட்டு கன்சோலுக்காக நார்த் அமெரிக்கன் பிலிப்ஸ் வெளியிட்ட கேம் அது, எழுதியவர் எட் ஆவரெட். வேற்றுமைகள் குறைவில்லை. பேக்-மேனில் 240 சிறு புள்ளிகள் வரிசையாக நிற்கும், மஞ்ச்கினில் 12 மட்டும், அவையும் நகர்ந்துகொண்டே இருக்கும். துரத்துபவை அங்கே நாலு, இங்கே மூன்று. மஞ்ச்கினில் பாதையை நாமே வடிவமைக்கலாம், பாதை கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் உண்டு. கேமாக மஞ்ச்கின் நன்றாகவே யோசித்துச் செய்யப்பட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கீழ்நீதிமன்றம் இந்த வேற்றுமைகளை நீளமாகப் பட்டியல் போட்டுத்தான் தடை மறுத்தது. மேல்நீதிமன்றம் அந்த முறையே தவறு என்றது. முதலில் சிவப்பை அடித்தது: புதிர்ப்பாதை, புள்ளிக் கணக்கு, திரையின் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வரும் வழி, புள்ளிகள் இவையெல்லாம் அந்த வகை விளையாட்டின் பொதுச் சொத்து. மிச்சத்தில் பச்சையாக நின்றது கதாபாத்திரங்கள். வி வடிவத்தில் வாயைத் திறந்து மூடித் தின்னும் உருவம், கண்ணும் காலும் உள்ள பேய், சக்திப் புள்ளியைத் தின்றதும் பேய்கள் நிறம் மாறித் திரும்பி ஓடுவது, பிடிபட்ட பேயின் உடல் மறைந்து கண்கள் மட்டும் கூண்டுக்குத் திரும்புவது. இவற்றில் எதுவும் துரத்தல் ஐடியாவுக்குக் கட்டாயமில்லை. இத்தனையும் சேர்ந்து பேக்-மேனின் மொத்த உணர்வையே பிடித்துவிட்டது என்றார்கள்.

ஆக, எண்ண வேண்டியது மொத்த ஒற்றுமையை அல்ல, பச்சை வரிகளில் உள்ள ஒற்றுமையை மட்டும். வேற்றுமைப் பத்தி எவ்வளவு நீண்டாலும் அது பச்சையை அழிக்காது.

எப்படிக் காப்பியானது என்ற தடயம்

ஒப்பீட்டோடு கூட, பின்னால் வந்தவர் முன்னதைப் பார்த்தாரா என்ற சாட்சியத்தையும் தனியாகக் குறியுங்கள். பிலிப்ஸ் ஆட்கள் ஆர்கேடுக்குப் போய் பேக்-மேனைப் பார்த்தார்கள், அதன் உரிமம் வாங்கவும் முயன்றார்கள், கிடைக்கவில்லை. முதலில் மஞ்ச்கினும் மஞ்சளாகத்தான் இருந்தது. சட்ட ஆலோசனைக்குப் பிறகு நீலச் சாயலுக்கு மாற்றினார்கள். கடைக்காரர்கள் விளம்பரத்தில் 'பேக்-மேன் மாதிரி கேம்' என்றே அச்சிட்டு விற்றார்கள். இந்த விவரங்கள் எல்லாம் தீர்ப்பில் இருக்கின்றன, அவர்களுக்கு எதிராகவே போயின. கடைசி நேரத்தில் நிறத்தை மாற்றுவது பலவீனமான தற்காப்பு. மாற்றியதே, முன்னதை அறிந்திருந்ததற்குச் சாட்சியாகிவிடும்.

நிரல் வழக்குகளில் தடயம் இன்னும் துல்லியமாக இருக்கும். 'டிஃபெண்டர்' செய்த வில்லியம்ஸ் கம்பெனி, 'டிஃபென்ஸ் கமாண்ட்' விற்ற ஆர்டிக் மேல் தொடுத்த வழக்கைப் (685 எஃப்.2டி 870) படியுங்கள். நிரலைச் சேமித்து வைக்கும் ரோம் சிப்புகளில் உள்ள வரிகள் 85 சதவீதத்துக்கு மேல் ஒன்றாக இருந்தது. வில்லியம்ஸின் ஆரம்ப நிரலில் இருந்த ஒரு பிழை ஆர்டிக் கேமிலும் அப்படியே வந்தது. நிரலுக்குள் புதைத்து வைத்த வில்லியம்ஸின் பதிப்புரிமை அறிவிப்பும் அதிலேயே கிடந்தது. யாரும் விளையாடாதபோது திரையில் ஓடும் அதிக மதிப்பெண் பட்டியலில் வில்லியம்ஸ் ஊழியர்களின் பெயர் முதலெழுத்துகளே வந்தன. இவ்வளவுக்குப் பிறகு 'நாங்களே எழுதினோம்' என்று சொல்ல இடமில்லை. சிப்பில் இருப்பது மனிதன் வாசிக்கும் பிரதி இல்லை, அதனால் நகலாகாது என்ற வாதமும் அங்கே தோற்றது. நிரல்களை ஒப்பிடும்போது ஒன்றாக உள்ள நல்ல வரிகளைவிட, ஒன்றாக உள்ள பிழைகளை முதலில் தேடுங்கள். நல்ல வரி இருவருக்கும் தானாகத் தோன்றலாம், ஒரே பிழை ஒரே இடத்தில் தோன்றுவது அரிது.

திரைக் காட்சிக்கே பதிப்புரிமை உண்டா என்ற கேள்வியை அடைத்தது 'ஸ்க்ராம்பிள்' வழக்கு (669 எஃப்.2டி 852, 1982). ஆடுபவர் கையால் ஒவ்வொரு ஆட்டமும் மாறுகிறது, ஆகவே நிலையான படைப்பே இல்லை என்பது எதிர்வாதம். எத்தனை முறை ஆடினாலும் திரும்பத் திரும்ப வரும் காட்சிகளும் ஒலிகளும் போதும் என்றது 2-ஆவது சர்க்யூட். ஸ்க்ராம்பிளை விற்ற ஸ்டெர்ன் கம்பெனி நிரலைக் கொடுக்காமல் ஆட்டத்தின் வீடியோ டேப்பைக் கொடுத்துக் காட்சிப் படைப்பாகப் பதிவு செய்திருந்தது. இது ஒரு கெட்டிக்கார முடிவு. நிரலை மாற்றி எழுதி அதே திரையை வரவழைப்பவரை நிரல் பதிவு பிடிக்காது, காட்சிப் பதிவு பிடிக்கும். அந்த கேம் முதல் இரண்டே மாதத்தில் சுமார் 10,000 மெஷின், ஏறக்குறைய 2 கோடி டாலருக்கு விற்றிருந்தது.

நிஜத்தைப் பார்த்து வரைந்தால்

கராத்தே, கோல்ஃப், கார் ரேஸ் போன்ற கேம்களுக்கு அட்டவணையில் சிவப்பு மிக அதிகமாக வரும். 1988-இல் 9-ஆவது சர்க்யூட் முன் வந்த டேட்டா ஈஸ்ட் - எபிக்ஸ் வழக்கு (862 எஃப்.2டி 204) இதற்கு நல்ல பயிற்சி. டேட்டா ஈஸ்டின் 'கராத்தே சாம்ப்', எபிக்ஸ் கமடோர் 64-க்கு விற்ற கராத்தே கேம் இரண்டுக்கும் 15 ஒற்றுமைகளைக் கீழ்நீதிமன்றம் எடுத்தது: குட்டிக்கரணம், தாவி உதைப்பது, 30 விநாடிக் கணக்கு, ஒரு நடுவர், அவர் பேச்சுக் குமிழியில் 'தொடங்கு', 'நிறுத்து' என்பது, மிச்ச விநாடி ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளி. கராத்தே என்ற விளையாட்டிலேயே இருப்பதை அடித்துவிட்டால் மிஞ்சுவது புள்ளிப் பலகையும் பின்னணிக் காட்சியும்தான். அவை போதாது என்று மேல்நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. யார் கண்ணால் பார்ப்பது என்பதையும் அது தொட்டது. வாங்குபவர்களின் சராசரி வயது பதினேழரை, பெரும்பாலும் பையன்கள், அவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்றது. ஆறு வருஷம் முன்பு மஞ்ச்கின் வழக்கில், கேம் ஆடுபவர்கள் நுணுக்க வித்தியாசங்களைப் பெரிதாகக் கவனிப்பதில்லை என்று நீதிபதிகள் கருதியிருந்தார்கள். இரண்டையும் எடுத்து மேற்கோள் காட்டும்போது ஆண்டையும் நீதிமன்றத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

பூட்டைத் திறக்கும் வழக்குகள்

1980-களின் இறுதியில் சண்டை கன்சோலின் பூட்டுக்கு, அதாவது அனுமதி பெறாத கேமை ஓடவிடாத ஏற்பாட்டுக்கு, நகர்ந்தது. இங்கே அட்டவணை உதவாது. என்ன எடுத்தார்கள், எந்த வழியில் எடுத்தார்கள், எடுத்ததில் எவ்வளவு விற்பனைக்கு வந்த கேமில் இருக்கிறது என்ற மூன்று கேள்வியை வரிசையாகக் கேளுங்கள்.

சேகா - அக்கலேட் வழக்கில் (977 எஃப்.2டி 1510, 1992) அக்கலேட், சேகாவின் மூன்று கேம்களைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்துப் படித்தது, அதாவது சிப்பில் உள்ள நிரலை மனிதர் வாசிக்கும் வடிவத்துக்கு மாற்றிப் படித்தது. கன்சோல் எப்படிப் பேசுகிறது என்பதை மட்டும் சொந்த வார்த்தையில் கையேடாக எழுதியது. அந்தக் கையேட்டில் சேகாவின் நிரல் ஒரு வரிகூட இல்லை. கேம்களை அதிலிருந்து புதிதாக எழுதியது. கன்சோல் ஒப்புக்கொள்வதற்காக அப்படியே எடுத்தது 20 முதல் 25 பைட் வரையிலான தலைப்புத் தகவல், அதில் 'சேகா' என்ற நாலு ஆங்கில எழுத்தும் அடக்கம். அந்த கேம்களின் மொத்த அளவோ 5 லட்சம் முதல் 15 லட்சம் பைட். வேறு வழியில் உள்ளே போக முடியாதபோது இப்படிப் பிரித்துப் படிப்பது நியாயமான பயன்பாடு, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமலும் சட்டம் ஏற்கும் பயன்பாடு, என்றது 9-ஆவது சர்க்யூட்.

அதே ஆண்டில் அடாரி கேம்ஸ் - நின்டென்டோ வழக்கு (975 எஃப்.2டி 832) மறுபக்கம் விழுந்தது. நின்டென்டோவின் '10 நெஸ்' பூட்டு நிரலை அடாரி கேம்ஸ் முதலில் சிப்பை ரசாயனத்தால் உரித்துப் பார்க்க முயன்றது, முழுதாகத் தெரியவில்லை. அப்புறம் 1988-இல் அதன் வக்கீல், தன் கட்சிக்காரர் மேல் வழக்கு நடக்கிறது என்று உண்மைக்கு மாறாகச் சொல்லிப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து நிரலின் பிரதியை வாங்கினார். பிரித்துப் படிப்பது நியாயமாகலாம் என்று இந்த நீதிமன்றமும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கையில் இருந்த பிரதியே முறைகேடாக வந்தது. அதோடு, அவர்கள் எழுதிய 'ராபிட்' நிரலில் பூட்டைத் திறக்கத் தேவையே இல்லாத வரிகளும் நின்டென்டோவிலிருந்து வந்திருந்தன. தேவையில்லாத வரி என்பது டிஃபெண்டரின் பிழை மாதிரியே ஒரு தடயம்.

சொந்தமாக இந்த மாதிரி வேலை செய்பவர்கள் அக்கலேட் வழியைத் தாளில் காட்டும்படி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த கேட்ரிட்ஜ், எந்தத் தேதியில் வாங்கியது என்ற ரசீது. பிரித்துப் படித்தவர் எழுதிய குறிப்பு, அதில் மூல நிரல் ஒரு வரிகூட ஒட்டப்படாமல். முடிந்தால் அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து வேறொருவர் எழுதிய புது நிரல், ஒவ்வொரு நாளின் பதிப்போடும். கடைசியில் மூலத்திலிருந்து அப்படியே வந்த பைட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றும் எதற்குத் தேவை என்று எதிரே எழுதுங்கள். காரணம் எழுத முடியாத பைட் எதுவானாலும் வெளியீட்டுக்கு முன் எடுத்துவிடுங்கள்.